நாய்க்கடியோடு நாய்க்குட்டியின் குடற்புழுவையும் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தெருநாய்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் அண்மைக் காலமாக வெளிவரும் கடிதங்களை விடாமல் படித்து வருகிறேன். நாய்களைப் பிடித்து அகற்ற வேண்டும் என்று ஒரு சாராரும், அவையும் உயிர்கள்தாமே என்று மறு சாராரும் எழுதுகிறார்கள். இரு தரப்பாரும் பேசுவது நாய்க்கடியையும் வெறிநோயையும் பற்றியே. வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பது மிக அரிது என்பதால் அந்தக் கவலை முழுக்க நியாயமானது. ஆனால் யாரையும் கடிக்காத நாயிடமிருந்தும், மடியில் வந்து படுத்துக்கொள்ளும் பூனையிடமிருந்தும், பிறந்து மூன்றே வாரமான குட்டியிடமிருந்தும் நம் பிள்ளைகளுக்கு வரக்கூடிய குடற்புழுத் தொற்றைப் பற்றி ஒருவரும் எழுதக் காணோம். ஓர் அரசு மருத்துவமனையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆய்வக நுட்புநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அந்தத் தொற்று என் ஆறு வயதுப் பேரனின் பாதத்தில் ஊர்ந்து செல்வதைக் கண்ணாலும் கண்டேன். அதனால்தான் சற்று நீளமாகவே இதை எழுதத் துணிகிறேன்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த நேரத்தில், பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருமுனையில் ஒரு கட்டட வேலைக்காக இரண்டு லோடு மணல் கொட்டியிருந்தார்கள். வேலை ஏதோ காரணத்தால் நின்றுபோனதால் மணல் மாதக்கணக்கில் அப்படியே கிடந்தது. அதன் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்த ஓட்டை மீன்பாடி வண்டியின் அடியில் தெருநாய் ஒன்று நான்கு குட்டிகளை ஈன்றது. தாயும் குட்டிகளும் மலம் கழிப்பதற்கு அந்த மணலையே தேடிப் போயின. மாலையில் பள்ளி விட்டு வந்த பிள்ளைகளுக்கும் ஓடியாட அதைவிட நல்ல இடம் கிடைக்கவில்லை. சந்துகளில் கார்களும் பைக்குகளும் நிறைந்துவிட்ட எங்கள் பகுதியில் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் விளையாட்டுத் திடல் பெரும்பாலும் இப்படிப்பட்ட மணல்மேடுதான் என்பதை வடசென்னைக்காரர்கள் அறிவார்கள். செருப்பை ஓரமாகக் கழற்றிப் போட்டுவிட்டு வீடு கட்டுவதும், சுரங்கம் தோண்டுவதும், குட்டிகளைத் தூக்கிக் கொஞ்சுவதுமாக இருந்தார்கள்.

சில நாள்களில் என் பேரன் இரவெல்லாம் பாதத்தைச் சொறிந்துகொண்டே இருந்தான். உள்ளங்காலின் வளைவில் ஒரு சிவந்த கோடு நூல்போலத் தடித்து, நெளிந்து நெளிந்து ஓடியிருந்தது. மருந்துக்கடையில் காட்டியபோது படர்தாமரை என்று சொல்லி ஒரு களிம்பைக் கொடுத்தார்கள். ஒரு வாரம் தடவியும் அரிப்பு அடங்கவில்லை. படர்தாமரையானால் வட்டமாக அல்லவா படர வேண்டும், இது ஏன் கோடாக ஓடுகிறது என்ற ஐயம் எனக்கு அப்போதுதான் எழுந்தது. அன்றிரவு அவன் தூங்கிய பிறகு, கோடு முடியும் இடத்தில் பால்பாயின்ட் பேனாவால் ஒரு சிறு குறி வைத்தேன். காலையில் பார்த்தால் கோடு அந்தக் குறியைத் தாண்டி ஒரு நெல்மணி நீளத்துக்கு முன்னே போயிருந்தது. தோல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் பாதத்தைப் பார்த்த உடனேயே, "நாய் மலம் கிடந்த மண்ணிலே வெறுங்காலோடு விளையாடினானா?" என்றுதான் கேட்டார். அவர் எழுதிக் கொடுத்த மாத்திரையில் நான்கைந்து நாளில் குணமாகிவிட்டது. அதே மணலில் விளையாடிய வேறு இரண்டு பிள்ளைகளின் கால்களிலும் அதே கோடு இருந்தது. அவர்களுக்கும் களிம்புதான் தடவிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கோட்டின் முனையில் இருந்தது நாய், பூனைகளின் குடலில் வாழும் கொக்கிப்புழுவின் குஞ்சு. மலத்தோடு வெளியே வரும் முட்டை, ஈரமும் நிழலும் உள்ள மணலில் ஓரிரு நாளில் பொரிந்துவிடும். வெளிவரும் இளம்புழு ஒரு வாரம் பத்து நாளில் தோலைத் துளைத்துக்கொண்டு நுழையும் நிலையை அடைகிறது. நாயின் தோலுக்குள் நுழைந்தால் இரத்தத்தின் வழியாக நுரையீரலுக்குப் போய்த் தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலுக்கு வந்து சேரும். மனிதத் தோலுக்குள் நுழைந்தால் பெரும்பாலும் மேல்தோலைத் தாண்டி ஆழத்துக்குப் போக வழி தெரியாமல், சாகும் வரை வாரக்கணக்கில் அங்கேயே அலைந்து திரியும். வெறுங்காலோடு நடப்பவர்களுக்கும், மணலில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கும், கடற்கரையில் படுத்து உறங்குபவர்களுக்கும் இது வரும். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை மணலோடு பிழைப்பு நடத்துபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. நாய், பூனைகளின் கொக்கிப்புழுக்களில் ஒரு வகை மட்டும் மனிதக் குடலையும் எட்டி, அங்கே முழுமையாக வளர்ந்து இரத்தத்தை உறிஞ்சக் கூடியது. 1911-இல் இலங்கையில் புனுகுப்பூனையிடம் கண்டறியப்பட்டு அத்தீவின் பெயரையே பெற்ற அந்தப் புழு இந்தியாவிலும் உண்டு. சோகை பிடித்த குழந்தைக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தும் தேறவில்லை என்றால், வீட்டு நாயின் குடலையும் ஒருமுறை சோதித்துப் பார்ப்பது வீண்வேலை ஆகாது.

கொக்கிப்புழு தோலில் கோடு போட்டுத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. என்னை அதிகம் அச்சுறுத்துவது அப்படிக் காட்டிக்கொள்ளாத உருண்டைப்புழுதான். நாயிடம் உள்ளதை டாக்ஸோகாரா கேனிஸ் என்றும் பூனையிடம் உள்ளதை டாக்ஸோகாரா கேட்டி என்றும் சொல்வார்கள். தாய்நாயின் தசைகளில் இதன் இளம்புழுக்கள் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். அது சினைப்பட்டதும் விழித்துக்கொண்டு, கருப்பையிலேயே குட்டிகளின் உடலுக்குள் புகுந்துவிடும். பிறகு பாலின் வழியாகவும் போகும். பூனைக்குட்டிகளுக்குப் பெரும்பாலும் பால்தான் வழி. ஆகவே தெருவில் பிறந்த குட்டியானாலும், ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கிய உயர்சாதிக் குட்டியானாலும், புழுவோடு பிறந்திருக்கும் என்று எண்ணிக்கொள்வதே பாதுகாப்பு. பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்தே அதன் மலத்தில் முட்டைகள் வரத் தொடங்கும். ஒரு பெண்புழு நாளொன்றுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை இடக்கூடியது. பானைபோல உப்பிய வயிற்றோடு தள்ளாடி நடக்கும் நாய்க்குட்டியைப் பார்த்து, நன்றாகப் பால் குடித்திருக்கிறது என்று நாம் மகிழ்கிறோம். பல நேரங்களில் அந்த வயிற்றில் இருப்பது புழுக்கற்றை.

ஓய்வு பெற்ற பிறகு, கால்நடை ஆய்வகம் ஒன்றில் பணிபுரியும் நண்பரிடம் அந்தக் குட்டிகளின் மலத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து, நுண்ணோக்கியில் நானே பார்த்தேன். முட்டை கரும்பழுப்பு நிறத்தில் ஏறத்தாழ உருண்டையாக இருந்தது. அதன் மேலோடு முழுவதும், தையற்காரர் விரலில் மாட்டிக்கொள்ளும் அங்குஸ்தானைப் போலச் சிறுசிறு குழிகள். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத அளவு. தடித்த அந்த மேலோடுதான் அதற்குக் கவசம். தெருவில் நோய் என்றாலே நாம் பிளீச்சிங் பவுடரைத் தூவுகிறோம். அதைத் தூவிவிட்டால் இந்த முட்டை அழிந்துவிடும் என்று நம்ப முடியாது. கொதிநீர் அழிக்கும். மற்றபடி ஈர மண்ணில் இது மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில்கூட உயிரோடு கிடக்கும்.

நான் சொல்ல வந்ததன் சாரமே இனி வருவதுதான். புதிதாகக் கிடக்கும் மலத்தில் உள்ள டாக்ஸோகாரா முட்டை அப்போதே தொற்றாது. அதற்குள் இளம்புழு உருவாவதற்கு இரண்டு முதல் நான்கு வாரம் வரை ஆகும். நாம் என்ன செய்கிறோம்? புதிய மலத்தைக் கண்டதும் முகத்தைச் சுளித்து, பிள்ளையின் கையைப் பிடித்திழுத்து விலகிப் போகிறோம். அது காய்ந்து, மழையில் கரைந்து, மண்ணோடு மண்ணாகி, இடம் சுத்தமாகிவிட்டதாகத் தோன்றும்போது பிள்ளையை அங்கே விளையாட விடுகிறோம். ஆபத்து இல்லாத நாளில் அஞ்சி, ஆபத்து முதிர்ந்த நாளில் அச்சம் நீங்குகிறோம். மலத்தை அன்றன்றே அள்ளிக் குப்பையில் சேர்த்துவிட்டால் முட்டை முதிர்வதற்கு இடமே இல்லாமல் போகும். காலையில் வளர்ப்பு நாயைச் சங்கிலியோடு அழைத்து வந்து அடுத்த வீட்டு வாசலில் மலம் கழிக்க வைத்துவிட்டுப் போகும் படித்தவர்கள், ஒரு காகிதமும் பையும் கையோடு கொண்டு வந்தால் போதும். இதைச் சொன்னால் சண்டைக்கு வருகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

மண்ணளைந்த கையைக் கழுவாமல் வாயில் வைக்கும் குழந்தையின் வயிற்றுக்குள் முட்டை போனால், அது குடலில் பொரிந்து இளம்புழு வெளிவருகிறது. மனித உடலில் அதனால் முழுப்புழுவாக வளர முடியாது. குடற்சுவரைத் துளைத்து ஈரலுக்கும் நுரையீரலுக்கும், சில வேளை மூளைக்கும் கண்ணுக்கும் போய் அலைகிறது. பலருக்கு எந்த அறிகுறியும் தெரியாமலேயே இது கடந்துவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். சிலருக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சிழுப்பு, ஈரல் வீக்கம் ஆகியவை வரும். இரத்தத்தில் ஈசினோபில் என்ற ஒரு வகை வெள்ளை அணுக்கள் மிகுந்து காணப்படும். அலையும் புழுக்களால் வரும் இந்த நோயை 1952-இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரைச் சேர்ந்த பால் பீவரும் உடன் பணியாற்றியவர்களும் விளக்கி எழுதினார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1950-இல், ஹெலனோர் வைல்டர் என்ற பெண் ஆய்வாளர் குழந்தைகளிடமிருந்து அகற்றப்பட்ட கண்களை ஆராய்ந்து, அவற்றுக்குள் உருண்டைப்புழுவும் அடங்கிய நூற்புழு இனத்தின் இளம் பருவத்தைக் கண்டிருந்தார். விழித்திரையில் இந்தப் புழு ஏற்படுத்தும் கட்டி, குழந்தைகளுக்கு வரும் கண்புற்றுநோயைப் போலத் தோன்றக் கூடியது. அந்த ஐயத்தால் கண்ணையே எடுத்த நிகழ்வுகள் மருத்துவ வரலாற்றில் உண்டு. பெரும்பாலும் ஒரு கண்ணையே தாக்குவதால், பார்வை குறைவதைக் குழந்தை தானாகச் சொல்லாது. ஒரு கண் மாறுகண்ணாக ஒதுங்கினாலோ, விழிப்பாவைக்குள் வெண்மை தெரிந்தாலோ தாமதிக்காமல் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை போன்ற இடத்துக்கு அழைத்துச் சென்றுவிட வேண்டும்.

என் மனத்தை உறுத்தும் ஒன்றை இங்கே எழுதிவிடுகிறேன். பணியில் இருந்த காலத்தில், இருமலும் இளைப்புமாக வந்த எத்தனையோ குழந்தைகளின் இரத்தப் படலத்தில், கண்ணாடித் தகட்டை நகர்த்துமிடமெல்லாம் ஈசினோபில்கள் செம்மணிகளாகத் தெரிவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய மலத்தையும் சோதித்து, "புழு முட்டை இல்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். எழுதியதில் பொய் இல்லை. டாக்ஸோகாரா மனிதக் குடலில் முட்டையிடுவதே இல்லை என்பதால், அதை மனித மலத்தில் ஆயுள் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. இரத்தத்தில் எதிர்ப்புரதத்தைத் தேடும் எலைசா பரிசோதனையில்தான் தடயம் தெரியும். ஈசினோபில் மிகுவதற்கு ஆஸ்துமா, மனிதர்களுக்கே உரிய குடற்புழுக்கள், யானைக்கால் நோயோடு தொடர்புடைய நுரையீரல் நோய் என்று வேறு பல காரணங்களும் உண்டு. ஆனாலும் "வீட்டில் நாய்க்குட்டி இருக்கிறதா, பிள்ளைக்கு மண் தின்னும் பழக்கம் உண்டா" என்ற இரண்டு கேள்விகளை அந்தத் தாய்மார்களிடம் கேட்க வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. இன்று பணியில் இருப்பவர்கள் கேட்க வேண்டும் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

பள்ளியில் பூச்சி மாத்திரை கொடுக்கிறார்களே, அது போதாதா என்று பெற்றோர் கேட்பதுண்டு. தேசியக் குடற்புழு நீக்க நாள் 2015 முதல் நடந்து வருகிறது. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஆகிய நாள்களையொட்டி 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள். மிக நல்ல திட்டம். ஒரு பிள்ளையும் அதைத் தவறவிடக் கூடாது. ஆனால் அந்த ஒற்றை மாத்திரை மனிதர்களுக்கு உரிய குடற்புழுக்களைக் குடலில் வைத்து ஒழிப்பதற்காகத் தரப்படுவது. ஈரலிலோ கண்ணிலோ அலையும் டாக்ஸோகாராவுக்கு மருத்துவர் பல நாள் தொடர் சிகிச்சை தர வேண்டியிருக்கும். பிள்ளைக்கு மாத்திரை கொடுத்தாகிவிட்டது என்பதற்காக வீட்டுக் குட்டியை மறந்துவிட முடியாது.

வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அந்த அட்டையிலேயே குடற்புழு நீக்கத்துக்கென்று இருக்கும் பகுதி பல வீடுகளில் வெறுமையாகக் கிடக்கிறது. நாய்க்குட்டிக்கு இரண்டாவது வாரத்திலேயே முதல் மருந்தைத் தொடங்கி, நான்காவது, ஆறாவது, எட்டாவது வாரங்களில் மறுபடி கொடுத்து, பிறகு ஆறு மாதம் ஆகும் வரை மாதம் ஒரு முறையும், அதற்கு மேல் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் கொடுக்கச் சொல்வது வழக்கம். பூனைக்குட்டிக்கு மூன்றாவது வாரத்தில் தொடங்கலாம். பால் கொடுக்கும் தாய்க்கும் குட்டிகளோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். முதல் தடுப்பூசிக்கு அழைத்துப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று ஆறு வாரம், எட்டு வாரம் காத்திருந்தால், அதற்குள் குட்டி வீடெங்கும் முட்டையை விதைத்து முடித்திருக்கும். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. ஆகவே கால்நடை மருத்துவரைக் கேட்டே கொடுக்க வேண்டும். பிள்ளைக்கு வாங்கிய பூச்சி மாத்திரையில் பாதியைக் கிள்ளிக் கொடுப்பதும், வேப்பிலை அரைத்து ஊற்றிவிட்டு வேலை முடிந்தது என்று இருப்பதும் சரியல்ல. வேப்பேரியில் 1903 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. புளியந்தோப்பிலும் திரு.வி.க. நகரிலும் மாநகராட்சியின் செல்லப்பிராணி சிகிச்சை மையங்கள் இருக்கின்றன. வடசென்னைவாசிகளுக்கு இவை எட்டாத தொலைவில் இல்லை.

நாடாப்புழுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாயின் ஆசனவாயைச் சுற்றி அரிசிமணி போன்ற துணுக்குகள் ஒட்டியிருந்தால் அது தெள்ளுப்பூச்சியால் பரவும் நாடாப்புழு. தெள்ளைத் தவறி விழுங்கிவிடும் சிறு குழந்தைகளுக்கும் இது வரும். எளிதில் குணமாகக் கூடியது. எக்கினோகாக்கஸ் என்ற மற்றொன்று அப்படிப்பட்டதல்ல. பெரும்பாலும் ஐந்தாறு மில்லிமீட்டரைத் தாண்டாத இந்தப் புழு நாயின் குடலில் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் நாய் துள்ளித் திரியும். இதன் முட்டை மட்டும் வெளிவந்த உடனேயே தொற்றக் கூடியது. மனித உடலுக்குள் போனால் ஈரலிலோ நுரையீரலிலோ நீர்க்கட்டியாகி, ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி வளரும். அறுவை சிகிச்சைக்காகத் திறக்கும்போது கட்டி உடைந்து உள்ளே கசிந்தால் உயிருக்கே ஆபத்து. நாய்க்கு இது வரும் வழி, ஆடு, மாடுகளின் நீர்க்கட்டி பிடித்த ஈரலையும் நுரையீரலையும் பச்சையாகத் தின்பதுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் பகுதி இறைச்சிக்கடைகளின் முன்னால் நின்று பாருங்கள். கழித்துப்போட்ட துண்டுகளுக்காக ஏழெட்டு நாய்கள் காத்திருக்கும். அவற்றுக்கு ஒரு வாய் போடுவதைக் கடைக்காரர் புண்ணியமாகவே கருதுகிறார். அந்த இரக்கத்தை நான் மதிக்கிறேன். நீர்க்கட்டி தெரியும் ஈரலையும் நுரையீரலையும் நாய்க்கு எறியாமல் முறையாக அப்புறப்படுத்த வேண்டும். மற்றதையும் நன்றாக வேகவைத்தே போட வேண்டும் என்பதுதான் அவர்களுக்கு என் வேண்டுகோள்.

பூனையைப் பற்றி நிலவும் ஓர் அச்சத்தையும் களைய விரும்புகிறேன். வளைகாப்பு முடிந்து மகள் தாய்வீட்டுக்கு வந்ததும், ஏழு ஆண்டுகள் வளர்த்த பூனையைக் கோணியில் கட்டி மீன் மார்க்கெட்டில் விட்டுவிட்டு வந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். பூனையால் கருவுக்குக் கேடு வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் அஞ்சிய டாக்ஸோபிளாஸ்மா என்பது புழு அல்ல, ஒற்றைச் செல் உயிரி. கருவுற்றிருக்கும்போது ஒரு பெண்ணுக்கு அது முதன்முறையாகத் தொற்றினால் கருவைப் பாதிக்கக் கூடும் என்பது உண்மையே. ஆனால் பூனை அதைத் தன் வாழ்நாளில் பெரும்பாலும் ஒருமுறை, ஓரிரு வாரங்கள் மட்டுமே மலத்தில் வெளியேற்றுகிறது. வெளிவந்த பிறகும் ஒரு நாளாவது ஆகாமல் அது தொற்றுவதில்லை. பூனையின் மலத்தைக் கர்ப்பிணி தொடாமல், வீட்டில் வேறொருவர் நாள்தோறும் அள்ளிப் போட்டாலே போதும். அரைவேக்காட்டு இறைச்சியும், மண் போகக் கழுவாத கீரையும் அந்தப் பெண்ணுக்கு வீட்டுப் பூனையைவிடப் பெரிய ஆபத்தாக இருக்கக் கூடும். ஏழு ஆண்டுகள் அந்த வீட்டிலேயே உண்டு உறங்கிய அந்த உயிரை விரட்டியதில் யாருக்கும் ஒரு நன்மையும் விளையவில்லை.

அரசும் மாநகராட்சியும் செய்யக் கூடியவற்றுக்கு வருகிறேன். 2024-இல் நடந்த கணக்கெடுப்பில் சென்னையில் சுமார் 1.8 லட்சம் தெருநாய்கள் இருப்பதாக மதிப்பிடப்பட்டது. பிடிக்கப்படும் நாய்களுக்குக் கருத்தடை, தடுப்பூசி ஆகியவற்றோடு குடற்புழு நீக்கமும் செய்துதான் திரும்ப விட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 அன்று பிறப்பித்த ஆணையிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. அந்த ஆணையைப் பற்றிய விவாதங்களில் மற்ற எல்லாச் சொற்களும் அடிபட்டன. இந்த ஒரு சொல்லைப் பற்றி யாரும் பேசவில்லை. வாழ்நாளில் ஒருமுறை பிடிபடும்போது கொடுக்கும் மருந்தால் மட்டும் ஒரு நாய் புழுவின்றி இருந்துவிடாது, அடுத்த மாதமே மறுபடி தொற்றிக்கொள்ளும் என்பதை நான் அறிவேன். அதனால்தான் குட்டிகளில் கவனம் செலுத்த வேண்டும் என்கிறேன். முட்டையை அள்ளி இறைப்பவை குட்டிகளே. அவற்றைப் பிடிக்க வலையும் வண்டியும் தேவையில்லை. தெருநாய்களுக்கு அன்றாடம் சோறு வைக்கும் அன்பர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். மாநகராட்சியின் கால்நடை மருத்துவப் பிரிவு இவர்களிடம் குட்டிகளுக்கான மருந்தைக் கொடுத்து, எடைக்கேற்ப அளவையும் சொல்லிக் கொடுத்தால், அவர்கள் மகிழ்ந்து செய்வார்கள்.

துப்புரவுப் பணியாளர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த மலத்தையெல்லாம் கடைசியில் அள்ளுபவர்கள் அவர்களே. கிழிந்த கையுறையோடும் ரப்பர் செருப்போடும் ஈர மணலில் நின்று அவர்கள் வேலை செய்வதை நாள்தோறும் பார்க்கிறேன். கணுக்காலுக்கு மேல் வரும் காலணி அவர்களுக்குத் தவறாமல் கிடைக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது மருத்துவப் பரிசோதனையும் நடக்க வேண்டும். கட்டட வேலைக்காகத் தெருவில் மணல் கொட்டுபவர்கள் அன்றன்று மாலையில் அதைத் தார்ப்பாயால் மூடிவிட வேண்டும் என்பதை அனுமதி நிபந்தனையிலேயே சேர்க்கலாம். பூங்காக்களிலும் பால்வாடிகளிலும் ஊஞ்சலுக்கும் சறுக்குமரத்துக்கும் அடியில் கிடக்கும் மணலுக்கும் இதே பாதுகாப்பு வேண்டும்.

அந்த மணலில் முட்டை இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது கடினமான வேலையும் அன்று. ஒரு கைப்பிடி மண்ணைக் கழுவி வடிகட்டி, அடர்ந்த உப்புக்கரைசலில் கலந்து வைத்தால், முட்டை மேலே மிதந்து வரும். அதை ஒரு கண்ணாடித் துண்டில் தொட்டெடுத்து நுண்ணோக்கியில் பார்த்துவிடலாம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையகம் நம் மாதவரத்திலேயே இருக்கிறது. திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் உள்ள விளையாட்டிடங்களிலிருந்து மழைக்கு முன் ஒருமுறையும் மழைக்குப் பின் ஒருமுறையும் மண் எடுத்துச் சோதித்து, முடிவை மக்களுக்கு வெளியிடுமாறு பல்கலைக்கழகத்தையும் மாநகராட்சியையும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். என்னைப் போல ஓய்வு பெற்ற ஆய்வக நுட்புநர்கள் இப்பகுதியில் பலர் இருக்கிறோம். அழைத்தால் ஊதியம் எதிர்பாராமல் மண் சேகரிக்கவும் நுண்ணோக்கி முன் அமரவும் வருவோம்.

எங்கள் தெருமுனை மணலை இப்போது நாங்களே பணம் போட்டு வாங்கிய தார்ப்பாயால் மூடி வைத்திருக்கிறோம். நான்கு குட்டிகளில் மூன்று இருக்கின்றன. மூன்றுக்கும் இரண்டு முறை மருந்து கொடுத்தாகிவிட்டது. அடுத்த முறை கொடுக்க வேண்டிய தேதியை என் பேரன் நாள்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறான்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வக நுட்புநர்,
பழைய வண்ணாரப்பேட்டை,
சென்னை-21